எலும்புகளின் பெயரைச் சரிபார்த்த வெசாலியஸ்

உங்கள் தாடையைத் தொட்டுக்கொண்டு வாயைத் திறந்து மூடுங்கள். அசைவது கீழ்த்தாடை எலும்பு. அது ஒன்றா, இரண்டா? ஒன்றுதான். ஆனால், அது இரண்டு எலும்புகளால் ஆனது என்று ஐரோப்பிய மருத்துவர்கள் சுமார் 1,300 ஆண்டுகள் நம்பி வந்தார்கள். அதைத் திருத்தியவர்தான் ஆந்திரியாஸ் வெசாலியஸ்.

இவர் 1514 டிசம்பர் 31 அன்று, இன்றைய பெல்ஜியம் நாட்டிலுள்ள பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். தந்தை, பேரரசர் ஐந்தாம் சார்லசுக்கு மருந்து தயாரித்துக் கொடுப்பவர்.

மருத்துவம் படிக்க வெசாலியஸ் பாரிஸ் சென்றார். அக்கால வகுப்பு எப்படி இருக்கும் தெரியுமா? பேராசிரியர் உயரமான இருக்கையில் அமர்ந்து, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலனின் நூலை வாசிப்பார். கீழே வேறொருவர் உடலை அறுத்துக் காட்டுவார். நூலில் இருப்பதுதான் உடலிலும் இருக்கிறதா என்று சரிபார்ப்பவர் அரிது.

வெசாலியசுக்கு இது போதவில்லை. பாரிஸ் இடுகாட்டில் குவிந்து கிடந்த எலும்புகளை மணிக்கணக்கில் ஆராய்ந்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும், கையால் தடவியே எந்த எலும்பு என்று சொல்லும் அளவுக்குத் தேறினார்.

1537இல் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். மறுநாளே அங்கு பேராசிரியர் ஆனார்! அப்போது அவருக்கு 23 வயதுகூட நிரம்பவில்லை. உடலைத் தாமே அறுத்துக் காட்டிப் பாடம் நடத்தினார்.

எலும்புகளின் பெயர்களில் அன்று பெருங்குழப்பம் இருந்தது. ஒரே எலும்புக்குக் கிரேக்கம், லத்தீன், அரபு, எபிரேயம் என்று மொழிக்கொரு பெயர். 1538இல் வெளியிட்ட படங்களில் வெசாலியஸ் இந்தப் பெயர்களையெல்லாம் சேர்த்தே கொடுத்தார். மணிக்கட்டிலுள்ள 8 சிறு எலும்புகளுக்குத் தனிப்பெயர்கள் இல்லாததால் எண் கொடுத்தார். காதுக்குள் இருக்கும் இரு சின்னஞ்சிறு எலும்புகளைச் சுத்தியலுக்கும் பட்டடைக்கும் ஒப்பிட்டார். அவையே அவற்றின் பெயர்களாக நிலைத்துவிட்டன.

ஆராய ஆராய ஓர் உண்மை புலப்பட்டது. காலன் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் குரங்கு முதலிய விலங்குகள்! மார்பெலும்பில் 7 பகுதிகள் என்று காலன் எழுதியிருந்தார். மனிதனிடம் வெசாலியஸ் கண்டவை மூன்றே. பெயர் பழையதுதான். ஆனால் அது குறிக்கும் பொருள் மாறிவிட்டது.

இவற்றையெல்லாம் அழகிய படங்களுடன் பெரிய நூலாக எழுதி, 1543இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அச்சிட்டார். எதிர்ப்பு கிளம்பியது. பாரிசில் பாடம் சொன்ன ஆசிரியர் சில்வியசே கடுமையாகத் தாக்கினார். காலன் தவறவில்லை, அவர் காலத்துக்குப் பிறகு மனித உடல்தான் மாறிவிட்டது என்று வாதாடினார்! மனம் நொந்த வெசாலியஸ் தம் குறிப்புகள் பலவற்றைத் தீயிலிட்டார். பதுவாவை விட்டு, பேரரசரின் அரண்மனை மருத்துவரானார். 1564இல் எருசலேம் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், கிரேக்கத் தீவான சாக்கிந்தோசில் காலமானார்.

பெயர்க் குழப்பம் அவரோடு முடியவில்லை. உடலுறுப்புப் பெயர்கள் சுமார் 50,000 ஆகப் பெருகின. 1895இல், அதே பாசல் நகரில் கூடிய அறிஞர்கள் அவற்றைச் சுமார் 5,500 ஆகக் குறைத்தார்கள். வெசாலியஸ் பயன்படுத்திய சொற்களும் தப்பவில்லை. மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையுமே அவர் ‘மாக்சில்லா’ என்றார். இன்று அது மேல்தாடையை மட்டுமே குறிக்கும். கீழ்த்தாடைக்குப் பெயர் ‘மாண்டிபிள்’.

பார்த்தீர்களா, பிள்ளைகளே! சொல்லின் பொருள் மாறலாம். எலும்பு மாறுவதில்லை. எந்தப் பெயரைப் படித்தாலும், அந்தப் பொருளையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். வெசாலியஸ் செய்ததும் அதைத்தான்.