செய்குத்தம்பிப் பாவலர்

செய்குத்தம்பிப் பாவலர் (சூலை 31, 1874 – பெப்ரவரி 13, 1950) நாஞ்சில் நாட்டைச் சேர்ந்த தமிழ்ப் புலவர், உரையாசிரியர், பதிப்பாசிரியர், சொற்பொழிவாளர் ஆவார். ஒரே வேளையில் நூறு செயல்களில் கவனம் செலுத்தும் சதாவதானக் கலையில் தேர்ந்து, சதாவதானி என்னும் அடைமொழியுடன் அறியப்பட்டார். பல நாள் முயன்று எழுத வேண்டிய சிற்றிலக்கியங்களையும், கேட்ட மாத்திரத்தில் பாடும் ஆசுகவியையும் ஒருங்கே கையாண்ட புலவர் இவர்.

பிறப்பும் கல்வியும்

நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பக்கீர் மீரான் சாகிபு, அமீனா ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார். இடலாக்குடி, கோட்டாறு, தக்கலை, இரணியல் முதலிய ஊர்கள் அடங்கிய இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதி அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. எனவே பாவலரின் பள்ளிக் கல்வி மலையாளத்தில் அமைந்தது. தமிழ் இலக்கண இலக்கியங்களைச் சங்கரநாராயண அண்ணாவி என்பவரிடம் பயின்றார். யாப்பில் விரைவாகத் தேர்ச்சி பெற்று, இளமையிலேயே செய்யுள் இயற்றத் தொடங்கினார்.

சென்னை வாழ்க்கை

பின்னர்ச் சென்னை சென்ற பாவலர், இட்டா பார்த்தசாரதி நாயுடு நடத்திய ஸ்ரீபத்மவிலாச அச்சுக்கூடத்தில் பதிப்பாசிரியராகப் பணியாற்றினார். பாடல்களைப் பிழையறப் பார்ப்பதும், பாடவேறுபாடுகளை ஒப்பிடுவதும், உரை வகுப்பதும் இப்பணியின் பகுதிகளாகும். உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணத்திற்கு இவர் உரை எழுதினார்.

வள்ளலார் இராமலிங்க அடிகளின் பாடல்கள் அருட்பாவா, மருட்பாவா என்னும் விவாதம் அப்போது தமிழ்ப் புலவரிடையே கடுமையாக நடந்து வந்தது. பாவலர் அருட்பா அணியின் சார்பில் மேடைகளில் வாதிட்டார். மருட்பா அணியில் முன்னின்ற யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளையும் ஓர் அவதானியே என்பது குறிப்பிடத்தக்கது. சைவ அடியார் ஒருவரின் பாடல்களுக்காக இசுலாமியப் புலவர் ஒருவர் வாதிட்டதைச் சைவர் பலரும் போற்றினர்.

அவதானக் கலை

அவதானம் என்பதற்குக் கவனம் என்று பொருள். எட்டுச் செயல்களைக் கவனித்தல் அட்டாவதானம், பத்து தசாவதானம், பதினாறு சோடசாவதானம், நூறு சதாவதானம் எனப்படும். அவையோர் ஒருவர் பின் ஒருவராகக் கேள்வி எழுப்புவர். ஒருவர் ஒரு தேதியைக் கூறி அதன் கிழமையைக் கேட்பார். மற்றொருவர் கணக்குக் கொடுப்பார். வேறொருவர் ஒரு செய்யுளின் எழுத்துகளை முறைமாற்றி இடையிடையே சொல்வார். பின்னால் நிற்பவர் முதுகின்மேல் சிறு கற்களையோ பூக்களையோ எறிந்துகொண்டிருப்பார். இன்னொருவர் ஈற்றடி கொடுத்து, இன்ன யாப்பில் பாடுக என்பார். அவதானி எதையும் எழுதிக்கொள்ளாமல் எல்லாவற்றிற்கும் விடை கூற வேண்டும். எறிந்த கற்களின் தொகையையும் இறுதியில் சொல்ல வேண்டும்.

பாவலர் 1907 மார்ச் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் அறிஞர்கள் முன்னிலையில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார். இதன்பின் மகாமதி என்றும் சதாவதானி என்றும் போற்றப்பட்டார்.

ஆயத்தமும் ஆசும்

தமிழ் மரபு புலவரை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகைப்படுத்தும். இவற்றுள் ஆசுகவி உடனடியாகப் பாடுபவர். ஆசுகவியின் சொல்லுக்கு மந்திர ஆற்றல் உண்டு என்ற நம்பிக்கையும் இருந்தது. காளமேகப் புலவர் வசைபாடி, திருமலைராயன் பட்டினத்தில் மண்மாரி பொழியச் செய்தார் என்னும் கதை இதற்குச் சான்று. ஆனால் மந்திரத்திற்கும் ஆசுகவிக்கும் அடிப்படையில் வேறுபாடு உண்டு. மந்திரம் குருவிடம் பெற்று, எழுத்துப் பிசகாமல் உருவேற்றி வைத்து, வேண்டியபோது வெளிப்படுத்துவது. ஆசுகவி அந்நேரத்தில் புதிதாகப் பிறப்பது.

அவதானத்தில் இவ்விரண்டும் கலந்துள்ளன. கிழமை கணிக்கும் வாய்பாடு, நிகண்டுச் சொற்கள், எதுகை மோனை அடுக்குகள், யாப்பு வாய்பாடுகள் ஆகியவை முன்னரே நெஞ்சில் பதிந்திருக்க வேண்டும். ஈற்றடியோ அவையில்தான் தெரியவரும். அதற்கு எந்த ஆயத்தமும் நேரடியாக உதவாது. ஆயத்தம் மட்டும் உடையவர் எதிர்பாராத அடியில் தடுமாறுவார். ஆசு மட்டும் உடையவர் ஐம்பதாவது கேள்வியில் முதற்கேள்வியை மறப்பார்.

பாவலரைப் பற்றி வழங்கும் ஒரு நிகழ்ச்சி இதை விளக்குகிறது. அவர் இசுலாமியர் என்பதை மனத்தில் கொண்டு, துருக்கனுக்கு இராமன் துணை என்னும் பொருள்பட ஒருவர் ஈற்றடி கொடுத்தாராம். மறுத்தால் அவதானம் தோற்கும். அப்படியே பாடினால் தம் சமயத்தவர் மனம் புண்படும். பாவலர் இராமனின் தம்பியர் பெயர்களை வரிசையாக அமைத்து, ஈற்றயலடியைச் சத் என்னும் அசையில் முடித்தார். அடுத்த அடியின் துருக்கன் அதனோடு சேர்ந்து சத்துருக்கன் ஆயிற்று. வெண்பா இராமாயணப் பாடலாயிற்று. சீர்களைப் பிரிக்கும் பயிற்சி முன்பே கற்றது. அதை எங்கே பயன்படுத்துவது என்பது அந்த நொடியில் தோன்றியது.

நூல்கள்

நாகைக் கோவை, சம்சுத்தாசீன் கோவை, கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழ், திருநாகூர்த் திரிபந்தாதி, கல்வத்து நாயகம் இன்னிசைப் பாமாலை, நீதிவெண்பா முதலியன பாவலர் இயற்றிய நூல்களாகும். கோவை என்பது 400 கட்டளைக் கலித்துறைகளால் அமைவது. பிள்ளைத்தமிழ் 10 பருவங்களைக் கொண்டது. திரிபந்தாதியில் அடிதோறும் முதலெழுத்து மட்டும் வேறுபட, அடுத்து வரும் எழுத்துகள் ஒத்திருக்க வேண்டும். இவை பொறுமையான உழைப்பை வேண்டுவன.

இவ்வாறு எழுதி அச்சேறியவை நிலைத்தன. அவைகளில் உடனுக்குடன் பாடியவற்றில் கேட்டோர் நினைவில் நின்ற தனிப்பாடல்களே எஞ்சியுள்ளன. பாவலரின் புலமையை அச்சு நூல்களைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவோர் அதன் ஒரு பாதியையே காண்கின்றனர்.

இறுதிக்காலமும் நினைவும்

விடுதலைப் போராட்டக் காலத்தில் பாவலர் காங்கிரசு இயக்கத்தை ஆதரித்துப் பேசினார், கதராடை அணிந்தார். 1950 பெப்ரவரி 13-ஆம் நாள் காலமானார். இரணியலும் இடலாக்குடியும் உள்ளிட்ட கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று அப்போதைய சென்னை மாநிலத்துடன் இணைவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே அவர் மறைந்துவிட்டார்.

இடலாக்குடி அரசு மேல்நிலைப் பள்ளிக்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2008-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை இவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.