சேற்றுக்குப் பிசின் போர்த்திய விஞ்ஞானி: சாந்தி ஸ்வரூப் பட்நாகர் யார்?

மலேசியாவின் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் ரிங்லெட் பக்கம் போயிருக்கீங்களா? மழைக்குப் பிறகு அங்குள்ள ஏரி, பால் தேநீர் நிறத்துக்கு மாறிவிடும். மலைச்சரிவிலிருந்து வரும் நுண்ணிய களிமண் துகள்கள் சீக்கிரம் அடியில் தங்குவதில்லை. துகள்களின் மேற்பரப்பில் ஒரே வகை மின்சுமை இருப்பதால், அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கின்றன.

அந்த நீரில் நிறைய உப்பு கலந்தால்? தள்ளும் விசை குறையும், துகள்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகும். லாகூரில் ஒரு வேதியியல் பேராசிரியருக்குப் பெயர் வாங்கித் தந்தது இந்தச் சிக்கல்தான்.

தாத்தா வீட்டுப் பிள்ளை

பட்நாகர் 1894 பிப்ரவரி 21 அன்று, இன்று பாகிஸ்தானில் உள்ள பேராவில் பிறந்தார். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். பொறியாளரான தாய்வழித் தாத்தாதான் வளர்த்தார். 1921இல் லண்டனில் டி.எஸ்சி. பட்டம் பெற்று, பனாரஸில் பணியாற்றி, 1924இல் லாகூரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

இறுகிப்போன சேறு

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துளைக்குள் சேற்றுக் குழம்பைச் செலுத்துவார்கள். அது துளைக்கருவியைக் குளிர்விக்கும், உடைந்த பாறைத் துகள்களை மேலே கொண்டுவரும். ராவல்பிண்டியின் அட்டாக் ஆயில் கம்பெனிக்கு இதில்தான் சிக்கல். பூமிக்குள் உப்புநீர் பட்டதும் குழம்பு இறுகிப்போனது.

இயந்திரத்தை மாத்தணும்னு உங்களுக்குத் தோணலாம். பட்நாகர் மாற்றியது களிமண் துகளின் மேற்பரப்பை மட்டும்தான். குழம்பில் இந்திய மரப்பிசினைச் சேர்த்தார். பிசின் மூலக்கூறுகள் துகள்மேல் ஒட்டி, ஒரு போர்வைபோல மூடின. நீங்க பாடத்தில் படிக்கும் 'பரப்புக் கவர்தல்' இதுதான். அதன்பின் உப்பு இருந்தும் துகள்கள் கட்டியாகவில்லை.

மகிழ்ந்த நிறுவனம், பெட்ரோலிய ஆராய்ச்சிக்காக 1.5 லட்சம் ரூபாய் தர முன்வந்தது. அந்தக் காலத்தில் அது பெரும் தொகை. பணம் பல்கலைக்கழகம் வழியாக வந்தது, அதில் பெட்ரோலிய ஆராய்ச்சித் துறை உருவானது. ஆராய்ச்சியால் வரும் பணத்தைத் தனக்கென வைத்துக்கொள்ள பட்நாகர் மறுத்தார்.

காரைக்குடி வரை

1942இல் உருவான அறிவியல் மற்றும் தொழில்துறை ஆராய்ச்சிக் குழுவுக்கு (சி.எஸ்.ஐ.ஆர்.) அவர்தான் தலைமை ஏற்றார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். உலோகம் துருப்பிடிப்பதைத் தடுப்பதும் முலாம் பூசுவதும் அங்கே முக்கிய ஆய்வுகள். இரண்டுமே மேற்பரப்பு வேலைதான்.

1955 ஜனவரி 1 அன்று பட்நாகர் காலமானார். அவர் பெயரிலான அறிவியல் விருதை 1958இல் முதலில் பெற்றவர் ஒரு தமிழர்: வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன்.