சம்பளம் வாங்காமல் பறவை தேடியவர்

யானை, புலி மட்டுமே காட்டின் செல்வமல்ல. பறவைகளும் செல்வமே என்று நாட்டுக்கு உணர்த்தியவர் சலீம் அலி.

1896 நவம்பர் 12-ம் தேதி பம்பாயில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். அங்கு அவர் சுட்ட ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன பறவை என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். வாழ்க்கைப் பாதை அங்கே தொடங்கியது.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. அருங்காட்சியக வேலையிலிருந்து ஜெர்மனிக்குச் சென்று பயின்றார். 1930-ல் திரும்பியபோது, பணப் பற்றாக்குறையால் அந்த வேலையே நீக்கப்பட்டிருந்தது. மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் தங்கி, தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்தார். ஆண் குருவி பல கூடுகள் கட்டும். பெண் குருவி பிடித்த கூட்டில் குடியேறும் என்று கண்டார்.

பின்னர், பயணச் செலவு மட்டும் போதும், சம்பளம் வேண்டாம் என்று சமஸ்தானங்களை அணுகினார். 1933-ல் திருவிதாங்கூரில் பறவைக் கணக்கெடுப்புத் தொடங்கியது. செங்கல், பாறசாலை, நெய்யாற்றின்கரை, இன்றைய குமரி மாவட்டம் யாவும் அன்று ஒரே சமஸ்தானம். மறையூர் மலை முதல் குமரி முனை வரை சுற்றினார். காட்டு முகாம்களில் தெஹ்மினாவும் உடனிருந்தார்.

1939-ல் மனைவி மறைந்தார். துயரம் பெரிது, பணி நிற்கவில்லை. திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகள் பற்றிய அவரது நூல் 1953-ல் வெளிவந்தது. அவர் போற்றிய தட்டேக்காடு 1983-ல் பறவைகள் சரணாலயமாயிற்று. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1976-ல் பத்ம விபூஷண் பெற்ற அவர், 1987 ஜூன் 20-ல், தமது 90-வது வயதில் காலமானார்.