மயிலாசனத்தில் மறைந்த பாடகர்: தியாகி விசுவநாததாஸ்

றிச்மண்ட் ஹில் ஆலயத்தில் முருகப் பெருமானை வணங்கி நிற்கும் வேளைகளில், மேடையிலே முருக வேடந்தரித்த ஒரு மனிதரின் நினைவும் எமக்கு எழுவதுண்டு. 1940 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் திகதி இரவு, சென்னையில் 'வள்ளி திருமணம்' நாடகம் நடந்துகொண்டிருந்தது. மயில் மீது வீற்றிருந்து பாடிய முருகன், பாட்டின் நடுவிலேயே உயிர் நீத்தார். அவர்தான் தியாகி விசுவநாததாஸ்.

1886 இல் சிவகாசியில், முடிதிருத்தும் தொழிலைச் செய்த மருத்துவர் குலத்திலே பிறந்த இவர், பின்னர் திருமங்கலத்தில் வாழ்ந்தார். குரல்வளமே இவரின் முதலீடு. அக்காலத்தில் தமிழகமெங்கும் செல்வாக்குப் பெற்றிருந்தது ஸ்பெஷல் நாடகம். ஒரே குழுவைச் சேராத நடிகர்கள் தனித்தனியே ஒப்பந்தமாகி, ஒரு மேடையிலே கூடி விடிய விடிய நடிப்பர். கதை யாவரும் அறிந்த புராணம். ஆதலால் இடையிடையே புதிய பாடல்களைப் புகுத்த இடமிருந்தது.

அந்த இடைவெளியே விசுவநாததாசின் போர்க்களமாயிற்று. 1919 இல் நிகழ்ந்த ஜாலியன் வாலாபாக் படுகொலையை அவர் மேடையிலே பாடினார். வள்ளியின் தினைப்புனத்திலே பறவைகளை விரட்டும் கட்டத்தில், வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டு ஒலிக்கும். எந்த வெள்ளையரை அது சுட்டுகிறது என்பதை எழுத்தறியாப் பாமரரும் புரிந்து ஆர்ப்பரிப்பர். மதுரகவி பாஸ்கரதாஸ் முதலியோர் இயற்றிய தேசியப் பாடல்கள் இவ்வாறே பத்திரிகை எட்டாத கிராமங்களுக்குச் சென்றன. 1876 ஆம் ஆண்டின் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆட்சியாளர் கையிலிருந்தது. பொலிசார் மேடைக்கே வந்து அவரைக் கைது செய்தனர். 29 தடவைகள் சிறை சென்றார் என அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். விடுதலையானதும் மீண்டும் கதராடையுடன் மேடையேறுவார். வறுமையும் அவரைப் பின்தொடர்ந்தது.

அதே 1940 இல், அமெரிக்காவிலே வூடி கத்ரி என்ற நாட்டார் பாடகர், புழுதிப் புயலால் நிலமிழந்து கலிபோர்னியாவுக்குப் புலம்பெயர்ந்த ஏழை விவசாயிகளின் துயரைப் பாடி இசைத்தட்டுகளாக வெளியிட்டார். ஒருவரை ஒருவர் அறியாத இவ்விருவரும், பேச்சாளர் எட்டமுடியாத நெஞ்சங்களைப் பாட்டால் எட்டினர்.

ஆயினும் விசுவநாததாஸ் எதிர்கொண்டது அந்நிய ஆட்சியை மட்டுமன்று. அவரின் பாட்டுக்குக் கைதட்டிய சமூகமே அவரது குலத்தை மறக்க மறுத்தது. தம்மினும் தாழ்ந்தவரெனக் கருதி, அவருக்கு இணையாக நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர். வெள்ளையனின் சிறைக்கு முடிவு நாள் உண்டு. இந்தச் சிறைக்கு அது இல்லை.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய கதையென்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அந்நாடக மரபே யாழ்ப்பாணத்தில் இசை நாடகமாக வேரூன்றியது. 'மயான காண்ட'த்தில் அரிச்சந்திரனாக நின்று ஊரையே கலங்க வைத்த நடிகமணி வி. வி. வைரமுத்துவை (1924-1989) எம்மில் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். கலைஞருக்காக விடியும்வரை கண்ணீர் சிந்திய ஊர், விடிந்ததும் அவர்களுட் பலரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. ஆலயக் கதவுகளைத் திறக்கக் கோரி 1968 இல் மாவிட்டபுரத்திலே போராட்டம் நடத்த வேண்டியிருந்தது.

கடல் கடந்து வந்த நாம் பாட்டையும் கொண்டுவந்தோம். அந்த வாசலையும் கொண்டுவந்தோம். பிள்ளைகளுக்குச் சங்கீதம் கற்பித்து அரங்கேற்றம் செய்விக்கும் நாமே, திருமணப் பேச்சு எழுந்ததும் குலத்தை விசாரிக்கிறோம். விசுவநாததாசின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வோமாயின், வெள்ளையரை எதிர்த்த பாதியோடு நிறுத்திவிடலாகாது. எம்மை நோக்கிய மறுபாதியையும் சொல்லவேண்டும்.