காற்றைச் சேமித்து வைத்த வாத்தியார்



மொட்டை மாடியில் சோலார் பேனல் வைக்கலாமா என்று எந்தக் குடியிருப்பில் பேச்செடுத்தாலும், வெயில் இல்லாத நேரத்தில் என்ன செய்வது என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நியாயமான கேள்விதான். இதே கேள்வியைச் சுமார் 130 வருடங்களுக்கு முன்பு காற்றை வைத்துக் கேட்டுக்கொண்டு, விடை தேடியே மீதி வாழ்நாளைக் கழித்தவர் போல் லா கூர். டென்மார்க்கின் எடிசன் என்று இவரைச் சொல்வார்கள். பிழைப்புக்குச் செய்தது என்னவோ வாத்தியார் வேலை.

1846-ல் டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் ஒரு பண்ணையில் பிறந்தார். வானிலை படித்து, 1872-ல் புதிதாகத் தொடங்கிய அந்நாட்டு வானிலை நிறுவனத்தில் துணைத் தலைவர் ஆனார். தந்தித் துறையிலும் சில கண்டுபிடிப்புகள் செய்தார். தலைநகரில் நல்ல உத்தியோகம், நல்ல பெயர். அதையெல்லாம் விட்டுவிட்டு 1878-ல் ஆஸ்கோவ் என்ற கிராமத்துக்கு ஆசிரியராகப் போனார். அங்கே இருந்தது மக்கள் உயர்நிலைப் பள்ளி. பரீட்சை கிடையாது, சான்றிதழ் கிடையாது. விவசாயக் குடும்பத்து இளைஞர்கள் தங்கிப் படிக்கும் இடம். நம் ஊரில் இப்படி ஒரு முடிவை ஒருவர் எடுத்திருந்தால் உறவினர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கம் அவருக்கு இருந்ததில்லை. அன்று அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை. டென்மார்க்கில் நிலக்கரி கிடையாது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதை எரித்து வந்த மின்சாரமும் நகரங்களுக்கு மட்டும்தான் கிடைத்தது. கிராமம் இருட்டில் கிடக்க, இளைஞர்கள் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கிராமத்தில் தாராளமாகக் கிடைப்பது காற்று; அதிலிருந்தே மின்சாரம் எடுத்தால் என்ன என்பதுதான் அவர் யோசனை. 1891-ல் அரசாங்கப் பணம் வாங்கி, பள்ளி அருகிலேயே ஒரு காற்றாலையைக் கட்டினார்.

காற்றின் வரவு நம் சம்பளம் மாதிரி மாதம் ஒன்றாம் தேதி வருவதில்லை. ஒரு நாள் கொட்டும், அடுத்த நாள் ஒன்றும் இருக்காது. முதலில், காற்று ஏறி இறங்கினாலும் டைனமோ சீராகச் சுழல ஒரு எளிய கருவியைச் செய்தார். அடுத்தது சேமிப்பு. அன்று பேட்டரி விலை அதிகம். அதனால் காற்றாலை மின்சாரத்தைத் தண்ணீருக்குள் செலுத்தி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தார். ஹைட்ரஜனை 12 கன மீட்டர் தொட்டியில் பிடித்து வைத்து, குழாய் வழியாகப் பள்ளிக்குக் கொண்டுபோய் விளக்கு எரித்தார். 1895 முதல் 1902 வரை பள்ளியில் வெளிச்சம் இப்படித்தான். இன்று பசுமை ஹைட்ரஜன் என்று செய்தித்தாள்களில் படிக்கிறீர்களே, அதே சங்கதிதான்!

எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். ஹைட்ரஜனோடு கொஞ்சம் ஆக்சிஜன் கலந்துவிட்டாலே வெடிக்கும். பள்ளிக் கட்டடங்களின் ஜன்னல் கண்ணாடிகளைப் பலமுறை மாற்ற வேண்டி வந்தது. இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதியிருப்பார்கள் என்று வங்கியில் வேலை பார்த்த எனக்கு ஒரு சந்தேகம்! பிற்பாடு அவர் பேட்டரிக்கே மாறி, ஆஸ்கோவ் கிராமத்துக்கும் மின்சாரம் கொடுத்தார்.

இடையில் காற்றுக் குழாய்க்குள் சின்னச் சின்ன இறக்கைகளை வைத்துச் சோதனை செய்தார். இறக்கைகள் நிறைய இருந்தால் நல்லது என்பதுதான் அன்றைய நினைப்பு. மின்சாரம் எடுக்கக் குறைந்த இறக்கைகளோடு வேகமாகச் சுழல்வதே மேல் என்று அவர் கண்டார். முப்பந்தல் வழியாக நாகர்கோவில் போகும்போது காற்றாலைகளின் இறக்கைகளை எண்ணிப் பாருங்கள். மூன்றுதான் இருக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், அவர் செய்த பெரிய காரியம் 1904-ல் தொடங்கிய பயிற்சி வகுப்புதான். அதற்கு முந்தைய வருடம் காற்று மின்சாரத்துக்காக ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார். அதன் தொடர்ச்சியாகக் கிராமத்துப் பையன்களைக் கூட்டி, ஒயரிங் செய்யவும் டைனமோவைப் பராமரிக்கவும் கற்றுக் கொடுத்து அனுப்பினார். எஸ்.டி.பி.யும் ஜெனரேட்டரும் உள்ள குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். இயந்திரத்தைப் பொருத்தும் வரை கம்பெனி ஆட்கள் தினமும் வருவார்கள். ஏ.எம்.சி. முடிந்த பிறகு போன் செய்து பாருங்கள். எங்கள் பழைய குடியிருப்பில் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்று ஒரு வால்வுக்காக நாலு மாதம் சும்மா நின்றது. அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஆள் உள்ளே ஒருவரும் இல்லை. சோலாருக்கு மூன்று கொட்டேஷன் வாங்கும்போது விலையோடு இதையும் கேளுங்கள்: நம் எலக்ட்ரீஷியனுக்கு யார், எத்தனை நாள் சொல்லித் தருவார்கள்?

லா கூர் 1908-ல் இறந்தார். முதல் உலகப் போரில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது அவர் வழியில் வந்த காற்றாலைகள் கை கொடுத்தன. 1918-ல் சுமார் 120 உள்ளூர் மின் நிலையங்களில் காற்றாலை ஓடியது. மொத்த மின்சாரத்தில் அது 3 சதவீதம்தான். பிறகு மலிவான எரிபொருள் வந்ததும் எல்லாரும் அதன் பக்கம் போய்விட்டார்கள்.

அந்த 1904 வகுப்பில் யோஹானஸ் யூல் என்று 17 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். படித்து முடித்து மின் துறையிலேயே வேலை பார்த்து, வயதான காலத்தில் மறுபடியும் காற்றாலைக்கு வந்தார். 1957-ல் கெட்சர் என்ற ஊரில் 200 கிலோவாட் காற்றாலையைக் கட்டினார், மூன்று இறக்கைகளோடு. பெரிய பராமரிப்பு எதுவும் இல்லாமல் பத்து வருடத்துக்கு மேல் அது ஓடியது. 1973-ல் எண்ணெய் விலை ஏறி உலகமே திண்டாடியபோது அது நின்றுபோய் சில வருடங்கள் ஆகியிருந்தன. அமெரிக்காவின் நாசா கேட்டுக்கொண்டதால் 1975-ல் அதைப் பழுது பார்த்து மறுபடியும் ஓட்டி, அளவுகள் எடுத்தார்கள். இன்று டென்மார்க்கின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது.