ஆலை வாயிலில் வ.உ.சி.

கப்பலோட்டிய தமிழன் என்ற பெயரைக் கேட்டதும் நம் கண்முன் கடலும் கப்பலும் வந்து நிற்கின்றன. செக்கிழுத்த செம்மல் என்றதும் கோவைச் சிறை நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தக் கப்பலுக்கும் இந்தச் செக்குக்கும் இடையே ஒரு பஞ்சாலை நிற்கிறது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. மதுரை மாணவன் என்ற முறையில் அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன். ஏனெனில் அந்த ஆலையை நடத்திய ஹார்வி கம்பெனிதான் நம் மதுரை மில்லையும் நடத்தியது.

ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் சிதம்பரனார். தந்தையைப் போலவே வழக்கறிஞரானார். ஏழைகளுக்காக வாதாடிப் பெயர் பெற்றார். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். மறு ஆண்டே காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடித் துறைமுகத்தை வந்தடைந்தன. இவையெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே நாம் படித்தவை.

இனி ஆலைக்கு வருவோம். பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்வேகத்தைக் கொண்டு ஹார்வி சகோதரர்கள் ஒரு நூற்பாலை நடத்தினார்கள். தூத்துக்குடியில் கோரல் மில்லையும், மதுரையில் ரயில் நிலையத்தை அடுத்து மற்றோர் ஆலையையும் நிறுவினார்கள். கரிசல் நிலத்துப் பருத்தி இந்த ஆலைகளுக்கு வந்தது. அதே கரிசல் நிலத்து மக்களும் கூலிகளாக வந்து சேர்ந்தார்கள். கோரல் மில்லில் விடிந்தது முதல் பொழுது சாயும் வரை வேலை. வாரத்தில் ஏழு நாளும் வேலை. பெரியவர்களோடு சிறுவர்களும் பஞ்சுத் தூசியில் நின்றார்கள்.

அன்று சட்டமே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்களை ஆலையில் வைக்கக்கூடாது, பதினான்கு வயது வரை 7 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று 1891-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. வயது வந்த ஆண்களின் வேலை நேரத்துக்கோ 1911 வரை வரம்பே கிடையாது. ஏட்டில் இருந்த ஓய்வு நாளும் தூத்துக்குடித் தொழிலாளியின் வீட்டுக்கு வரவில்லை. கேட்பதற்கு அவனுக்குச் சங்கம் இல்லை.

கேட்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் வ.உ.சி.யும், நம் வத்தலக்குண்டு தந்த சுப்பிரமணிய சிவாவும் ஆவர். கடற்கரைக் கூட்டங்களில் அவர்கள் சுதந்திரத்தையும் கூலியையும் ஒன்றாகவே பேசினார்கள். 1908 பிப்ரவரி 27 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியேறினார்கள். கூலி உயர்வு, ஞாயிறு விடுமுறை, மற்ற விடுப்பு வசதிகள் இவையே கோரிக்கைகள்.

வேலைநிறுத்தம் என்றால் முதல் எதிரி பசி. வ.உ.சி. இதை நன்கு உணர்ந்திருந்தார். ஊர் மக்களிடம் பணம் திரட்டினார். தொழிலாளர் குடும்பங்களின் உணவுக்கு வழி செய்தார். பலருக்கு மாற்று வேலையும் தேடித் தந்தார். ஊரே ஒன்று சேர்ந்தது. வேலைநிறுத்தத்தை எதிர்த்துப் பேசிய வழக்கறிஞர் ஒருவருக்குச் சவரத் தொழிலாளி பாதியிலேயே கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டாராம்! ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. கல்கத்தாவிலிருந்து வந்தே மாதரம் ஏடு பாராட்டி எழுதியது.

இந்த வெற்றியை ஆட்சியாளர்கள் பொறுக்கவில்லை. மார்ச் 12-இல் வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். திருநெல்வேலி கொதித்தெழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். கோரல் மில் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். இம்முறை கூலிக்காக அல்ல, தம் தலைவருக்காக! ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தபோதிலும், 1912 டிசம்பர் வரை கோவையிலும் கண்ணனூரிலும் அவர் சிறையில் வாடினார். வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை. வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் சிறு கடை வைத்துப் பிழைத்தார். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்ததும், நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். தொல்காப்பியத்துக்கும் திருக்குறளுக்கும் உழைத்தார். 1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியில் மறைந்தார்.

அவர் விதைத்தது வீண்போகவில்லை. 1918-இல் சென்னையில் வாடியாவும் திரு.வி.க.வும் தொழிலாளர் சங்கம் கண்டனர். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தீப்பெட்டித் தொழிலில் பதினான்கு வயதுக்குட்பட்டோரை அமர்த்தக்கூடாது என்று 1986-இல் சட்டம் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் தாய் பத்து வயதில் தீப்பெட்டி வேலைக்குப் போனார். விடியுமுன் ஆலை வண்டி ஊருக்குள் வரும். தூங்கும் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றுவார்கள். நாலாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. அந்தச் சட்டத்தைப் பற்றி அவர் முதன்முதலாகக் கேட்டது சென்ற ஆண்டு, நான் சொல்லித்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்.

ஆகவே, மாணவ நண்பர்களே! சட்டம் எழுதப்படுவதால் மட்டும் எவருக்கும் ஓய்வு கிடைத்துவிடாது. அதைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். சேர்ந்து கேட்கப் பலர் வேண்டும். தூத்துக்குடியில் சட்டம் படித்த ஒருவர் ஆலை வாயிலுக்குப் போய் நின்றார். நாமும் படிக்கிறோம். பட்டம் பெற்ற பின் எந்த வாயிலில் போய் நிற்கப் போகிறோம் என்பதை இப்போதே எண்ணிப் பார்ப்போம்.