வான்வழி வந்த தபால்: ஜே.ஆர்.டி. டாடாவின் கதை



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், கவிதை போதும் போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது என்று மலர்க் குழுவில் சொன்னார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துக்கும் மில்லிங் மெஷினுக்கும் நடுவே பொழுது போகிற ஆள் நான். எனக்குத் தெரிந்தது இயந்திரங்களும், அவற்றை நம்பி வாழ்ந்த மனிதர்களும்தான். அப்படி ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். இன்ஜினியரிங் டிகிரி கிடைக்காமலே, இந்தியாவில் விமானப் போக்குவரத்து என்ற ஒன்றை உண்டாக்கிக் காட்டியவர் அவர். ஜெஹாங்கீர் ரதன்ஜி தாதாபாய் டாடா. சுருக்கமாக ஜே.ஆர்.டி.

பறக்கிற ஆசை நம்ம ஊருக்குப் புதிது இல்லை. ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவில் கிட்டி ஹாக் மணல்மேட்டில் முதல் தடவையாகப் பறந்தது வெறும் 12 வினாடி. அதற்கு ஏழாவது வருஷம், 1910-ல், மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்சன் கம்பெனியில் ஒரு விமானத்தைச் செய்ய வைத்து, பல்லாவரத்தில் பறந்து காட்டினார். அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள், இவர் ஹோட்டல்காரர். ஆசைக்குத் தொழில் ஒரு தடையே இல்லை பார்த்தீர்களா! ஆனால் ஒரு நாள் பறந்து காட்டுவது வேறு. வாரா வாரம், சொன்ன நேரத்துக்கு, அடுத்தவர் பொருளைச் சுமந்துகொண்டு பறப்பது வேறு. இந்த இரண்டாவது வேலையை நம் நாட்டில் ஆரம்பித்து வைத்தவர்தான் ஜே.ஆர்.டி.

கடற்கரையில் பிடித்த பித்து

1904 ஜூலை 29-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா ஆர்.டி. டாடா, ஜாம்ஷெட்ஜி டாடாவுக்கு உறவினர், தொழிலில் கூட்டாளி. அம்மா சூசன் பிரெஞ்சுப் பெண்மணி. பிரான்ஸ், பம்பாய், ஜப்பான், இங்கிலாந்து என்று பள்ளிப் படிப்பு ஊர் ஊராக அலைந்தது. கோடை விடுமுறைக்கு அந்தக் குடும்பம் பிரான்ஸின் வடக்கே ஹார்டெலோ என்ற கடற்கரைக்குப் போகும். அங்கேதான் லூயி பிளேரியோவுக்கும் வீடு இருந்தது. 1909 ஜூலை 25-ல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் தாண்டிய அதே பிளேரியோதான். கடற்கரை மணலில் விமானம் வந்து இறங்குவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பையனுக்கு வேறு என்ன ஆசை வரும்? பதினைந்து வயதில் ஒரு விமானத்தில் ஏறிச் சும்மா ஒரு சுற்று சுற்றி வந்தார். அன்றைக்குப் பிடித்த பித்து கடைசிவரை போகவில்லை.

கிடைக்காத டிகிரி

கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பிரெஞ்சுக் குடிமகன் என்பதால் முதலில் ஒரு வருஷம் ராணுவ சேவை. அது முடிந்ததும் காலேஜ் என்று கணக்குப் போட்டிருந்தார். அப்பா விடவில்லை. 1925 கடைசியில் பம்பாய்க்கு வரச்சொல்லி, டாடா நிறுவனத்தில் சம்பளமில்லாத அப்ரன்டிஸாகச் சேர்த்துவிட்டார். அடுத்த வருஷமே, 1926-ல், அப்பா இறந்துபோனார். அம்மா 1923-லேயே போய்விட்டார். இருபத்திரண்டு வயதில் தம்பி தங்கைகளைக் கவனிக்கும் பொறுப்பு தலைமேல். காலேஜுக்குப் போகிற பேச்சுக்கே இடமில்லை. படிக்காமல் போன வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

அந்தக் குறையை ஈடுகட்ட அவர் செய்த காரியம், ஜான் பீட்டர்சன் என்ற மூத்த அதிகாரியின் அறையிலேயே ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து, அங்கே வரும் காகிதம் ஒவ்வொன்றையும் படித்தது. நாம் நாலு வருஷம் செமஸ்டர் செமஸ்டராகப் படித்ததை அவர் ஃபைல் ஃபைலாகப் படித்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

1929-ல் பிரெஞ்சுக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியரானார். அதே வருஷம் பிப்ரவரி 10-ம் தேதி விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கினார். இந்தியாவில் வழங்கப்பட்ட லைசென்ஸ்களில் அதன் எண் 1.

ஒரு ஸ்பார்க் பிளக்

1930-ல் ஆகா கான் ஒரு பந்தயம் அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுண்ட் பரிசு. மூன்று பேர் இறங்கினார்கள். மன்மோகன் சிங், பதினேழே வயதான ஆஸ்பி இன்ஜினியர், ஜே.ஆர்.டி. ஆஸ்பி இங்கிலாந்திலிருந்து இந்தப் பக்கம் வருகிறார். ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து அந்தப் பக்கம் போகிறார். எகிப்தில் அபுகிர் என்ற இடத்தில் இறங்கியபோது, ஆஸ்பி ஸ்பார்க் பிளக் கிடைக்காமல் அங்கே மாட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஜே.ஆர்.டி. தன்னிடம் இருந்த ஸ்பேரை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

எதிராளி நின்றால் நமக்கு லாபம் என்று நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. ஆஸ்பி கராச்சி போய்ச் சேர்ந்து சில மணி நேர வித்தியாசத்தில் பரிசைத் தட்டிக்கொண்டு போனார். அந்தப் பையன்தான் பின்னால் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக 1960 முதல் 1964 வரை இருந்த ஏர் மார்ஷல் ஆஸ்பி இன்ஜினியர். ஒரு ஸ்பார்க் பிளக் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

கராச்சி முதல் மதராஸ் வரை

அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து வரும் ஏர் மெயில் கராச்சியோடு நின்றுவிடும். அங்கிருந்து பம்பாய்க்கும் மதராஸுக்கும் ரயில்தான். நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் ஆங்கில விமானப்படை வீரர், கராச்சியிலிருந்து மதராஸ் வரை தபாலை விமானத்தில் கொண்டு வரலாம் என்ற யோசனையோடு டாடாவிடம் வந்தார். ஜே.ஆர்.டி.க்குச் சொல்ல வேண்டுமா? ஆனால் நிறுவனத் தலைவர் சர் தோராப்ஜி டாடாவுக்கு அதில் ஆர்வமில்லை. பீட்டர்சன்தான் எடுத்துச் சொல்லிச் சம்மதம் வாங்கித் தந்தார். முதலீடு இரண்டு லட்சம் ரூபாய். அரசாங்கத்திடம் மானியம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. குறைத்துக் கேட்டார்கள், அதுவும் இல்லை. கடைசியில் மானியமே வேண்டாம், சுமக்கிற தபாலுக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1932-ல்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் விமானம் கிளம்புவதற்கு முன்பே, அந்த வருஷம் ஜூனில், தோராப்ஜி காலமாகிவிட்டார்.

1932 அக்டோபர் 15. காலை 6.35 மணிக்குக் கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. தனியாகக் கிளம்பினார். விமானம் டி ஹாவிலேண்ட் பஸ் மோத். ஒற்றை இன்ஜின், ஏறக்குறைய 120 குதிரைசக்தி. இன்றைக்கு ரோட்டில் போகிற சில கார்களுக்கே அதைவிடச் சக்தி அதிகம். உடம்பு, ஸ்டீல் டியூப்களை வெல்டிங் செய்த சட்டம், அதன்மேல் துணி. சைக்கிள் ஃபிரேமும் டியூபும் செய்கிற அம்பத்தூர், ஆவடி பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குறைந்த எடையில் நிறைய பலம் வேண்டுமென்றால் டியூப்தான் என்பது நமக்கு அத்துப்படி.

வழிகாட்ட ரேடியோ கிடையாது. திசைகாட்டி, மேப், கடிகாரம், கீழே தெரிகிற ரயில் தண்டவாளம், இவ்வளவுதான். காற்று பக்கவாட்டில் தள்ளும். எவ்வளவு தள்ளியது என்று மனக்கணக்குப் போட்டு அந்த அளவுக்கு மூக்கைத் திருப்பி வைத்து ஓட்ட வேண்டும். கணக்கு தப்பினால் ஊர் தப்பும். அகமதாபாத்தில் இறங்கினால் பெட்ரோல் மாட்டுவண்டியில் டின் டின்னாக வருகிறது! இறைத்து ஊற்றிக்கொண்டு மறுபடி கிளம்பி, பிற்பகல் 1.50-க்கு பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கே தபால் மூட்டை வின்சென்ட் கைக்கு மாறியது. அவர் பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நம்ம ஊருக்கு உள்நாட்டு ஏர் மெயில் சர்வீஸ் வந்த கதை இதுதான்.

ஜுஹு தளமோ வெறும் சேற்றுநிலம். மழைக்காலத்தில் தண்ணீர் நின்றுவிடும். உடனே மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு பூனாவுக்கு மாறுவார்கள். ஆட்களும் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். இந்த லட்சணத்தில் முதல் வருஷம் 1,60,000 மைல் பறந்து, 155 பயணிகளை ஏற்றி, 60,000 ரூபாய் லாபமும் காட்டினார்கள். மழையிலும் மலையிலும் நேரம் தவறாமல் தபால் போய்ச் சேர்ந்ததைப் பார்த்து அரசாங்கமே பாராட்டியது. என்னைப் போல டெலிவரி தேதிக்குப் பயந்து வாழ்கிறவர்களுக்கு லாபக் கணக்கைவிட இந்த நேரக் கணக்குதான் பெரிசு.

கையைவிட்டுப் போன விமானம்

1938-ல், 34 வயதில், டாடா குழுமத்தின் தலைவரானார். அடுத்த ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருந்தபோது அவர் கட்டியதையெல்லாம் எழுத இந்த மலர் போதாது. விமானத்தோடு நிற்கிறேன். 1942-ல் வின்சென்ட் சென்ற விமானம் பிரான்ஸ் கரையருகே காணாமல் போனது. கூடவே இருந்து கட்டிய நண்பர் திரும்பி வரவில்லை. 1946-ல் டாடா ஏர்லைன்ஸ் ஏர் இந்தியா ஆனது. 1948 ஜூன் 8-ல் மலபார் பிரின்சஸ் என்ற விமானம் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது.

1953-ல் அரசாங்கம் விமான நிறுவனங்களை எல்லாம் தேசியமயமாக்கியது. அவருக்கு இதில் உடன்பாடில்லை. தன்னைச் சரியாகக் கலந்து பேசவில்லை என்ற மனவருத்தமும் இருந்தது. நானாக இருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். நேரு கேட்டுக்கொண்டதும் அவர் சம்பளமில்லாத தலைவராக அதே நிறுவனத்தில் உட்கார்ந்தார். இருபத்தைந்து வருஷம்! விமானத்தில் ஏறினால் நோட்டும் பேனாவும்தான். டீயின் நிறம் சரியில்லை, நாற்காலி சாய்மானம் சரியில்லை, திரைத்துணி சரியில்லை என்று குறித்துக்கொண்டு வந்து நீளமாக எழுதி அனுப்புவார். கவுண்டரில் தூசி இருந்தால் தானே துணியை எடுத்துத் துடைத்துவிடுவார். கழிவறையைக்கூடச் சுத்தம் செய்திருக்கிறார்.

1978 பிப்ரவரியில் மொரார்ஜி தேசாய் அரசு அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. முறையாக நேரில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதிதாக நியமிக்கப்பட்டவர் சொல்லித்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. 1980-ல் இந்திரா காந்தி மறுபடி இயக்குநர் குழுவில் சேர்த்தார், தலைவராக அல்ல.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் பயணத்தின் பொன்விழாவாக 1982 அக்டோபர் 15-ல், 78 வயதில், பழைய லெப்பர்ட் மோத் விமானத்தைத் தனியாக ஓட்டிக்கொண்டு கராச்சியிலிருந்து பம்பாய் வந்து இறங்கினார். பதவியைத்தான் பிடுங்க முடிந்தது, பறக்கத் தெரிந்ததைப் பிடுங்க முடியவில்லை.

1992-ல் பாரத ரத்னா. 1993 நவம்பர் 29-ல் ஜெனிவாவில் காலமானார். பாரிஸில் அடக்கம். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மறுபடி டாடாவிடமே வந்து சேர்ந்தது. பார்க்க அவர் இல்லை.

ஜூனியர்களுக்கு இரண்டு வார்த்தை

தம்பிகளே, தங்கைகளே, கேம்பஸில் முதல் கம்பெனி எடுக்கவில்லை என்று சோர்ந்து போகிறவர்கள் உண்டு. நாலைந்து அரியரை நினைத்துத் தூக்கம் கெடுகிறவர்களும் உண்டு. கேட்ட படிப்பு கிடைக்காமல், கட்டிய நிறுவனம் கையைவிட்டுப் போய், அதற்கப்புறமும் அதே வேலையை அதே அக்கறையோடு செய்த ஒருவர் இருந்தார் என்பது நினைவிருக்கட்டும். சீனியர்களுக்குச் சொல்ல எனக்கு வயசு பத்தாது. ஒரே ஒரு விண்ணப்பம். உங்கள் கையிலும் ஸ்பேர் ஸ்பார்க் பிளக்குகள் இருக்கும். ஒரு இன்பிளான்ட் டிரெயினிங், ஒரு சிபாரிசுக் கடிதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வழியில் நிற்கிற பையனுக்கோ பெண்ணுக்கோ எடுத்துக் கொடுங்கள். நம்மை முந்திக்கொண்டு போனால் போகட்டுமே, நம்ம காலேஜ் பிள்ளைகள்தானே!